பெட்ரோலை வரிசையில் நிறுத்திய காந்தம்

விஜயதசமி காலை. விளாங்குடியில் எங்கள் வீட்டு வாசலில் அம்பாசிடர் நிற்கிறது. முன் பம்பரில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பானெட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சாமந்திச் சரம், காற்றில் பறந்துவிடாமலிருக்கச் சணல் போட்டு இழுத்துக் கட்டியது. நேற்று உடைத்த பூசணிக்காயின் வாடை, சாம்பிராணி, பெட்ரோல் மூன்றும் கலந்து மூக்கில் ஏறுகின்றன. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

கோயிலுக்குக் கிளம்பவில்லை. ஒரு காந்தத்துக்குத் தீர்ப்புச் சொல்லக் கிளம்பியிருக்கிறேன்.

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையைப் பற்றி எழுதியபோது, 'என் வீட்டுக்காரர் டாக்சி டிரைவர்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். சயின்ஸ் டீச்சருக்கும் டாக்சி டிரைவருக்கும் எப்படிக் கல்யாணம் நடந்தது என்று கேட்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் நடக்கிற மாதிரிதான் நடந்தது. பெரியவர்கள் பேசி முடித்தார்கள், நாங்கள் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதில் எழுத ஒன்றுமில்லை. எழுதுவதற்கு இந்தக் காந்தக் கதைதான் இருக்கிறது.

வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் காந்தவியல் நடத்தியவள் நான். பெட்ரோல் குழாயின் மேல் காந்தத்தைக் கட்டினால் பெட்ரோலுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படித் தெரிந்தவள், அன்றைக்கு அந்தக் காந்தம் ஜெயிக்க வேண்டும் என்று மீனாட்சியை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் பக்கத்து பிரேக்

என் வீட்டுக்காரர் பெயர் தவமணி. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் 'பறக்கிற தவமணி' என்றால்தான் தெரியும். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் வரிசையில் முன்னால் நிற்கும் காரை விட்டுவிட்டு இவரைத் தேடி வருவார்கள். அது இவருக்குப் பெருமை. ரோட்டில் முன்னால் ஒரு பஸ் போனால் அதைத் தன்னைச் சீண்டுவதற்காகவே யாரோ விட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்.

அந்தக் காரில் நான் உட்காரும் பக்கம் தரையில் ஒரு ரப்பர் விரிப்பு உண்டு. அதில் என் வலது கால் படுகிற இடம் மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. பிரேக் அவர் பக்கம் இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. அவர் முந்தும்போதெல்லாம் நான் என் பக்கத்துத் தரையை மிதிப்பேன். அவர் ஓட்டுகிற காரில் ஒரு நாள்கூட நான் கண் அசந்ததில்லை. அசந்தால் யார் பிரேக் பிடிப்பது?

ஒரு வருடம் அறுவடைச் சமயத்தில், மேலூர் ரோட்டில், பொழுது மசங்குகிற நேரத்தில் வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கே வந்தது. இவர் வண்டிக்காரனைக் காப்பாற்ற ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் வாய்க்காலில் இறங்கியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தேன், பியூன் வந்து சொன்னார். பெரியாஸ்பத்திரிக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அங்கே போய் அவர் முகத்தைப் பார்த்து, அவர் என்னைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் கையைப் பிரித்தேன். சாக்பீஸ் உள்ளங்கையில் மாவாகியிருந்தது.

கட்டுப் பிரித்த வாரமே பழைய வேகம். கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. அதற்குப் பிறகு என் சாயங்காலங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான். விளாங்குடித் திருப்பத்தில் அவர் ஒரு ஹாரன் அடிப்பார், 'வந்துட்டேன்' என்று வீட்டுக்குச் சொல்கிற ஹாரன். அது கேட்கும்வரை விடைத்தாளைத் திருத்திக்கொண்டே இருப்பேன். ஒரே தாளை இரண்டு முறை திருத்தியதும் உண்டு. பிள்ளைகளுக்கு அதில் மார்க் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது.

பிரேயருக்கு நின்ற அணுக்கள்

பெட்ரோல் விலை நினைத்தபோதெல்லாம் ஏறிய வருடங்கள் அவை. ஸ்டாண்டில் முன்னால் ஒரு கார் சவாரி போனால், பின்னால் நிற்கிற கார்களை ஸ்டார்ட் பண்ண மாட்டார்கள், இறங்கித் தள்ளியே வரிசையில் நகர்த்துவார்கள். பாலத்தின் இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு போவார்கள். டீக்கடை பெஞ்சில் சினிமாப் பேச்சு நின்று, எந்தக் கார் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்ற பேச்சாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து வடக்கேயிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்து சேர்ந்தார். மதுரை வெயிலில் டை கட்டியிருந்தார் என்பதே எங்கள் ஆட்களுக்குப் பெரிய மரியாதையைக் கொடுத்துவிட்டது. பெட்டியைத் திறந்து இரண்டு கறுப்புக் கட்டிகளை எடுத்தாராம். இரண்டையும் பெட்ரோல் குழாயின் இரு பக்கமும் வைத்து ஸ்குரூவால் முடுக்க வேண்டும், அவ்வளவுதான். பலம் காட்டுவதற்கு ஒரு கொத்து ஸ்பேனரை அந்தக் கட்டியால் தூக்கிக் காட்டினாராம். ஸ்பேனரைத் தூக்குகிற காந்தம் பெட்ரோலை என்ன செய்யும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் இவர் எனக்கு அறிவியல் நடத்தினார்.

"பெட்ரோல்ல இருக்கிற அணுவெல்லாம் கொழம்பிக் கெடக்காம் டீச்சர். காந்தத்துக்குள்ள போச்சுன்னா அம்புட்டும் வரிசையா நின்னுருமாம், ஒங்க பள்ளிக்கூடத்துப் பிரேயர் கணக்கா. வரிசையா போயி எரியிறதனால மிச்சமில்லாம எரியுமாம்."

எனக்கு வந்த கோபத்தில் ரசத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தேன். அவர் வாங்கி வந்திருந்த காந்தத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். மண்ணெண்ணெய் சும்மா இருந்தது.

"பாத்தீங்கள்ல? அசையுதா?"

"அது மண்ணெண்ணெய். அதுக்குப் படிப்பு ஏறாது," என்றார். "நீ பெட்ரோல்ல வச்சுப் பாரு."

வீட்டுக்குள் பெட்ரோலை ஊற்றிப் பார்க்கிற அளவுக்கு எனக்குப் புத்தி பிசகவில்லை. பேச்சை விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். காந்தம் என்றால் எனக்குக் கொள்ளைப் பிரியம். சின்ன வயதில் வைகையில் தண்ணீர் இல்லாத மாதங்களில் பழைய ரேடியோவின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்துக்கொண்டு போவோம். கறுப்பு இரும்புத் தூள் மீசை மாதிரி அப்பிக்கொண்டு வரும். காகிதத்தின் மேல் அந்தத் தூளைப் போட்டு அடியில் காந்தத்தை நகர்த்தினால், தூள் கோடு கோடாக எழுந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சயின்ஸ் மேல் ஆசை வந்தது. அப்பேர்ப்பட்ட காந்தத்தை ஒரு டை கட்டிய ஆள் பொய் சொல்ல வைக்கிறானே என்பதுதான் என் கோபம்.

விற்பனைக்காரர் போகும்போது ஒரு நிபந்தனை சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை இவர் மறுநாள்தான் சொன்னார்.

"மெதுவா மிதிக்கணுமாம். அமுக்கி மிதிச்சா பெட்ரோல் காந்தத்துல நிக்காம வெரசா ஓடிருமாம். அப்புறம் எங்கிட்டுக்கூடி வரிசை?"

அப்போதும் நான் காதில் வாங்கவில்லை. ரப்பர் விரிப்பு ஓட்டையாகிற அளவுக்குக் கவலைப்பட்டவள், அந்த ஒரு வாக்கியத்தைக் கவனிக்காமல் விட்டேன் பாருங்கள்.

சீக்கிரம் வந்த மனிதர்

காந்தம் மாட்டிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். செக்கானூரணிப் பக்கம் அவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனோம். நாகமலையை ஒட்டிப் போகிற ரோடு. எப்போதும் அந்த ரோட்டில் மலை ஒரு பக்கம் பறந்து போகும். அன்றைக்கு மலை நின்று நிதானமாக வந்தது. பாறையில் ஆடு மேய்வதுகூடத் தெரிந்தது. ஏதோ குறைகிறதே என்று யோசித்து என் காலைப் பார்த்தேன். கால் சும்மா இருந்தது.

அவர் காலைப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் மேல், தூங்குகிற பிள்ளையைத் தொடுகிற மாதிரி வைத்திருந்தார்.

ஒரு பஸ் முந்திப் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "போகட்டும். இப்ப மிதிச்சா காந்தம் கோவிச்சுக்கும்," என்றார்.

அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்ரோல் மிச்சமாவது நிஜம். மிச்சம் பிடிப்பது காந்தம் இல்லை, அந்தக் கால். நான் கெஞ்சியும் அழுதும் செய்ய முடியாததை ஒரு கறுப்புக் கட்டி செய்துகொண்டிருந்தது. விளாங்குடித் திருப்பத்தில் ஹாரன் முன்பைவிடச் சீக்கிரமாகவே கேட்கத் தொடங்கியிருந்தது. பறக்கிறபோது நேரம் கழித்து வந்தவர், மெதுவாக ஓட்டத் தொடங்கியதும் நேரத்தோடு வந்தார். பெட்ரோல் வீணாகுமென்று சவாரி இல்லாத நேரத்தில் ஊரைச் சுற்றுவதை விட்டுவிட்டார் என்பதே காரணம்.

அன்றிலிருந்து காந்தத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அந்தக் காந்தத்துக்கு ஏஜென்ட் ஆகி, ஆனையூர் வரைக்கும் போய் ஊர்க் கார்களுக்கெல்லாம் மாட்டிவிட்டு வந்தபோதும் திறக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் கேலி பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும். என் வீட்டு மனிதர் முழுசாக வீட்டுக்கு வருகிறார், அது போதும் எனக்கு.

பரமண்ணன் மூட்டிய பந்தயம்

ஸ்டாண்டில் மூத்த டிரைவர் பரமன். எல்லாருக்கும் பரமண்ணன். அவர் மட்டும் காந்தம் மாட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். "காந்தத்தக் கட்டி பெட்ரோல் மிச்சமாகும்னா, கழுத்துல கட்டிக்கிட்டா சோறு மிச்சமாகுமா?" என்று கேட்பார். உண்மையைச் சொன்னால், அந்த ஸ்டாண்டில் சரியான சயின்ஸ் பேசியவர் அவர் ஒருவர்தான். எனக்கு அவரைப் பார்த்தாலே எரிச்சலாக வந்தது.

பழங்காநத்தத்தில் ஒரு நூல் வியாபாரி இருந்தார். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். ஊர் ஊராகத் தறிக்காரர்களுக்கு நூல் அனுப்புவதற்குக் கார்களும் வேன்களும் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் காந்தம் மாட்டலாமா என்று யோசித்தவர், என் வீட்டுக்காரரும் பரமண்ணனும் ஸ்டாண்டில் வாய்ச்சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, "பேச்சு எதுக்குங்க? ரெண்டு காரும் ஓடட்டும், பாத்துருவோம்," என்று சொல்லிவிட்டார்.

ஏற்பாடு எளிமையானது. பழங்காநத்தம் பங்க்கில் இரண்டு காருக்கும் டேங்க் வாய்வரை பெட்ரோல் நிரப்ப வேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டி, செக்கானூரணி என்று சுற்றி அதே பங்க்குக்கு வர வேண்டும். மறுபடி வாய்வரை நிரப்பினால் எந்தக் கார் குறைவாகக் குடிக்கிறதோ அது ஜெயித்தது. நாள், விஜயதசமி. நல்ல காரியம் எதையும் தொடங்குகிற நாள் அல்லவா?

"ஞாயம் சொல்ல ஒரு ஆளு வேணுமே," என்றார் நூல்கடைக்காரர்.

"எங்க வீட்டு டீச்சர் இருக்கு," என்றார் இவர். "சயின்ஸ் டீச்சர். புருஷன்னு பாக்காது."

வீட்டுக்கு வந்துதான் எனக்கே சொன்னார். அதோடு விட்டாரா? "தோத்துட்டா அந்தக் காந்தத்த வைகையில வீசிட்டு, பழைய தவமணியா ஓட்டுவேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்," என்றார்.

பழைய தவமணி. மேலூர் வாய்க்காலில் இறங்கிய தவமணி. இப்போது புரிகிறதா, நான் ஏன் மீனாட்சியை வேண்டிக்கொண்டிருந்தேன் என்று?

மலை நிதானமாக வந்தது

முதல் நாள் ஆயுத பூஜை. காரிலிருந்து காந்தத்தைக் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றோடும் சாமி முன்னால் வைத்தார் இவர். என் அத்தை, அதாவது மாமியார், தன் பங்குக்கு அரிவாள்மனை, கத்தி, தேங்காய்த் துருவி எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினார். என் பௌதிகப் புத்தகமும் அங்கே இருந்தது. புத்தகமும் காந்தமும் பக்கத்தில் பக்கத்தில் படையலுக்கு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை பூஜை முடித்துச் சாமான்களை எடுத்ததும் கிளம்பிவிட்டோம்.

பங்க்கில் கூட்டம். பெட்ரோல் ஊற்றும்போது டேங்க்கில் காற்று நிற்கக் கூடாதென்று நாலைந்து பேர் காரைப் பிடித்துக் குலுக்கினார்கள். எங்கள் வாழைக்கன்றும் சேர்ந்து குலுங்கியது. பரமண்ணன் காரிலும் வாழைக்கன்று உண்டு, நூல்கடைக்காரரின் மகன் அதில் ஏறிக்கொண்டார்.

திருமங்கலம் தாண்டியதும் பரமண்ணன் ஹாரன் அடித்து முந்தினார். வாழை இலை எங்கள் கண்ணாடியில் தட்டிவிட்டுப் போனது. இவர் முகம் சிவந்தது. கை கியரில் இறுகியது. நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க."

"தெரியும் டீச்சர்," என்றார். "அவரு போறாரு. எனக்குக் காந்தம் இருக்கு."

உசிலம்பட்டி ரோட்டில் கரிசல் காடு, பருத்தி பூ விட்டிருந்தது. எதிரில் வந்த டிராக்டர், பஸ், மாட்டு வண்டி எல்லாம் சந்தனப் பொட்டு வைத்திருந்தன. இவர் ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி வழி விட்டார். செக்கானூரணி தாண்டியதும் நாகமலை தெரிந்தது. அன்றைக்கும் மலை நிதானமாகவே வந்தது.

பங்க்கில் பரமண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் காருக்கு முதலில் நிரப்பினார்கள். பிறகு எங்களுக்கு. மறுபடி குலுக்கல். எங்கள் டேங்க் சீக்கிரமே நிரம்பி வழிந்து, ஊற்றுகிறவர் கையை நனைத்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. தீர்ப்புச் சொல்ல டீச்சரே தேவைப்படவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெட்ரோல் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நூல்கடைக்காரர் மகனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். பிறகு எங்களிடம், "அந்தப் பொருளை ஒரு தடவை கண்ணுல காட்டுங்க," என்றார்.

இவர் ஒரு வீரரைப் போலச் சணலை அறுத்தார். சாமந்திச் சரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பானெட்டைத் தூக்கினார்.

குழாய் இருந்தது. காந்தம் இல்லை.

அது போன இடம்

முதலில் சிரித்தது பரமண்ணன். அப்புறம் பங்க்கே சிரித்தது. இவர் மட்டும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே விழுந்ததா என்று குனிந்து பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அது எங்கே போனது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூஜையில் அடுக்கும்போதே காந்தம் பக்கத்திலிருந்த அரிவாள்மனையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. காலையில் அத்தை அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார், காந்தமும் கூடவே போனது. புது வேட்டியில் கிரீஸ் படக் கூடாதென்று, காந்தத்தை மாட்ட மெக்கானிக் காசிம் பாயை இவர் வரச் சொல்லியிருந்தார். அவர் வந்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். "காந்தம் எங்கம்மா?" என்று பாய் கேட்க, "சாமி முன்னாடி வச்சதெல்லாம் எடுத்தாச்சு பாய்," என்றார் அத்தை. பாய் வெளியே போய்ப் பார்த்தால், அதற்குள் தெருப் பையன்கள் பானெட் மேல் மாலை கட்டிவிட்டிருந்தார்கள். மாட்டிவிட்டுத்தான் மாலை கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அவர் போய்விட்டார். பூஜை மாலையை முதல் சவாரி முடியும் முன்னால் யாராவது அவிழ்ப்பார்களா? பாய் மாட்டியிருப்பார் என்று நம்பி இவரும் திறந்து பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சுரைக்காய் நறுக்க உட்கார்ந்த அத்தை, "இந்த அருவாமனைக்கு என்ன கேடு, இம்புட்டு கனக்குது?" என்று கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

பங்க்குக்கு வருகிறேன். சிரிப்பு அடங்கியதும் நூல்கடைக்காரர் இவர் பக்கத்தில் வந்தார். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப காந்தம் இல்லாமத்தான் இம்புட்டு தூரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்க," என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க. இருக்குன்னு நெனச்சேன்."

"நல்லதாப் போச்சு. எனக்குக் காந்தம் வேணாம். எங்க வீட்டுப் பொம்பளைங்க, பிள்ளைங்க வெளியூர் போகணும்னா இனிமே ஒங்க கார்தான். எங்க டிரைவர்ககிட்டயும் எப்படி மிதிக்கிறதுன்னு கொஞ்சம் சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்ற டீச்சர்? காந்தம் ஜெயிச்சுச்சா, தோத்துச்சா?"

பங்க்கில் கூடியிருந்த ஸ்டாண்டே என் வாயைப் பார்த்தது. நான் சாமந்திச் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்கிற குரலில் சொன்னேன்: "காந்தம் பரீட்சைக்கே வரல. எழுதுனது நீங்க. பாஸ் பண்ணதும் நீங்கதான்."

பரமண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் காந்த ஏஜென்சியை விட்டுவிட்டார். மாட்டினவர்களிடமெல்லாம் போய், "அது ஒண்ணும் செய்யாது, மெதுவா மிதிச்சாப் போதும்," என்று சொல்லிவிட்டு வந்தார். பாதிப் பேர் நம்பவில்லை. கொஞ்ச நாளில் பரமண்ணன் தனியாக வந்து, "எதுக்கும் இருக்கட்டும் மாப்ள, அந்த அருவாமனைக் காந்தத்த எனக்கு மாட்டி விடு," என்று வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஒரு நாள் மார்க்கெட்டில் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், நெசமாவே அது வேலை செய்யுதா?"

"அண்ணன் இப்பல்லாம் எப்ப வீட்டுக்கு வாராரு?"

"வெளக்கு வைக்கையில வந்துர்றாரு."

"அப்ப வேலை செய்யுதுக்கா," என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

திரும்பும் வழியில்

ஆனால் பங்க்கிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியபோது எனக்கு இதெல்லாம் தெரியாது. என் கவலை வேறு. இத்தனை நாள் அவர் காலைப் பிடித்து வைத்திருந்தது காந்தத்தின் மேல் இருந்த நம்பிக்கை. அது இப்போது எல்லார் முன்னாலும் உடைந்துவிட்டது. ஊர் சிரித்துவிட்டது. இனி அந்தக் காலை யார் பிடிப்பது?

பைபாஸ் ரோட்டில் ஏறினோம். வாழைக்கன்றின் ஒரு இலை கிழிந்து பானெட்டில் அடித்துக்கொண்டே வந்தது. பின்னால் திண்டுக்கல் பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தேன், முட்டுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. என் கால் தானாக நகர்ந்து ரப்பர் விரிப்பின் ஓட்டையைத் தேடிப் பிடித்தது.

இவர் காரை இடது பக்கம் ஒதுக்கினார். கையை வெளியே நீட்டி, போ என்று காட்டினார். பஸ் புழுதியை வாரிக்கொண்டு தாண்டிப் போனது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடிக்கவில்லை.

"போகட்டும் டீச்சர்," என்றார். "அவனுக்கு வீட்ல ஆளு காத்துக்கிட்டிருக்கும். எனக்கு இங்கனயே உக்காந்திருக்கு."

அவ்வளவு வருடத்துப் பயமும் உடம்பை விட்டு இறங்கியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. விரிப்பிலிருந்து காலை எடுத்தேன். சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மடியில் சாமந்திச் சரம் இருந்தது. வெயில் கதகதப்பாக முகத்தில் விழுந்தது.

வைகைப் பாலம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. விளாங்குடித் திருப்பத்தில் அவர் வழக்கம்போல ஒரு ஹாரன் அடித்தார். எத்தனையோ சாயங்காலம் வீட்டுக்குள் உட்கார்ந்து காத்துக் கிடந்து கேட்ட அந்த ஹாரனை, அன்றைக்குக் காருக்குள்ளேயே, தூக்கத்தில் கேட்டேன்.